அஞ்சலைக்கு நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை

எனக்கு எழுபத்திரண்டு வயது. மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்றே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் தலைகுனிந்ததில்லை.

பக்கத்துக் கடை அஞ்சலை நேற்று வந்தவள். ஆனால் வெள்ளைக்காரர்கள் என்னைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பேத்தி பாடம் படித்தாள். அக்ளி, ஹாரிபிள், டிஸ்கஸ்டிங். அசிங்கத்தையும் அருவருப்பையும் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளாம். கடைசி வார்த்தையை முந்தானையில் முடிவதுபோல் மனதில் முடிந்துகொண்டேன்.

எங்களில் ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் அந்தக் கடையையும் பார்த்துக்கொள்வது வழக்கம். மறுநாள் அஞ்சலை போனதும் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவள் தட்டைக் காட்டி "டிஸ்கஸ்டிங்" என்றேன். முகம் சுளித்துப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவளிடம், தூரத்திலிருந்து பார்த்த சுண்டல்காரி நான் இங்கிலீஷ் பேசியதைச் சொல்லிவிட்டாள்.

"எக்கா, என் மீனுக்காக இங்கிலீஷெல்லாம் பேசினியாமே! இன்னா சொன்ன? எனக்கும் சொல்லிக் குடு."

"ரொம்ப ருசின்னு அர்த்தம்டி" என்று அதையே சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்து வந்தவர்களிடம் வஞ்சிரத் துண்டைத் தூக்கிக் காட்டி, சிரித்த முகமாய் அதைச் சொன்னாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சரியா சொன்னேனாக்கா?"

தலையாட்டினேன். இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் கூவுகிறாள். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இதையெல்லாம் பேத்தியை எழுதச் சொன்னேன்.

எழுதிட்டியா கண்ணு? இப்போ படிச்சுக் காட்டு. சத்தமா படி. அஞ்சலை கடையிலதான் கீறா.