மணலுக்குப் போட்ட வலை

அந்த ஊரில் கடல் இரைச்சலை யாரும் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைத் தள்ளிவிட்டால் காதில் விழுவது காலையிலும் மாலையிலும் வரும் ஒற்றைப் பேருந்தின் ஹாரன்தான். காலை ஹாரன் கேட்டால்தான் டீக்கடைக்காரர் புதுப்பாலை அடுப்பில் ஏற்றுவார். கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் எழாத தூங்குமூஞ்சிகளுக்கு வீட்டில் வசவு தொடங்கும்.

ஒரு வருடம், காற்றுக் காலத்தில், அந்த ஹாரன் நின்றுபோனது.

காரணம் மணல். கூட்டுரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் சாலை கடைசிப் பகுதியில் கடற்கரையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே வீடு கிடையாது, மரம் கிடையாது. ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் உப்புத்தண்ணீர் தேங்கிய பள்ளம். வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மணல் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து சாலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடம் பேருந்தின் பின்சக்கரமே அதில் புதைந்தது. இறங்கித் தள்ளியவர்களுக்கு வாயெல்லாம் மணல். மறுநாள் முதல் ஓட்டுநர் கூட்டுரோட்டிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு நடந்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நடக்கிற வழி இல்லை. படகில் கூலிக்குப் போகிறவர் ஒருவரின் வீடு அது. அவருடைய ஒரே மகளுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் தாங்கும் கட்டைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் அவள் போகிற வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. மணலில் கதை வேறு. ஒரு கட்டையைப் பிடுங்கினால் மற்றது புதையும். டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை.

மணலில் நடந்து பார்த்த அன்று அவள் கூட்டுரோட்டை எட்டுவதற்குள் பேருந்து போய்விட்டது. திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

“கடைக்காரர் டவுன்லயே ரூம் பார்த்துத் தர்றேங்கிறார். போயிடறேம்மா.”

“உனக்குப் போக ஆசையா?”

“ஆசையில்ல. ஆனா இந்தக் கட்டை என் ஆசையைக் கேட்டா நடக்குது?”

“அப்ப போக வேண்டாம். பஸ்ஸை வர வைக்கிறேன்.”

மூலையில் தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். “ஆமா, உங்கம்மா கூப்பிட்டா பஸ் வாலை ஆட்டிக்கிட்டு வரும்.”

கடைக்காரர் நல்ல மனிதர். மாதக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். யாராவது டூவீலரில் ஏற்றிக்கொண்ட நாளில் அவள் வேலைக்குப் போனாள். மற்ற நாளில் வாசலில் உட்கார்ந்து சாலைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினாள். அதைத்தான் அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கூட்டுரோட்டுக்குப் போய் ஓட்டுநரைப் பிடித்தாள் அம்மா.

“அக்கா, எனக்கென்ன உங்க ஊர் மேல கோபமா? வண்டி மாட்டினா பதில் சொல்றது நான்.”

“மணல் இல்லேன்னா வருவீங்களா தம்பி?”

“தார் தெரிஞ்சா வர்றேன். ஒரே ஒரு தடவை. மறுபடி மாட்டினா என்னைக் கேட்கவே கூடாது.”

“கேட்க மாட்டேன்.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காலையில் அள்ளிப் போட்ட இடத்தை மத்தியானம் காற்று நிரப்பிவிட்டுப் போனது. அவளுக்குக் கை ஓய்ந்தது. காற்றுக்குக் கையும் இல்லை, ஓய்ச்சலும் இல்லை. தடுப்பு வேண்டும் என்று புரிந்தது. கீற்று முடைவதில் அவளுக்குப் பெயர் உண்டு. எறும்பு நுழைய இடைவெளி விடமாட்டாள். அப்படியே நெருக்கமாக முடைந்து, ரோட்டோரத்திலேயே வரிசையாகக் கட்டி நிறுத்தினாள். மணல் வந்து கீற்றில் முட்டியது, ஏறியது, உச்சிக்குப் போனதும் அப்படியே ரோட்டின் நடுவில் குதித்தது. முன்பு கணுக்கால் அளவு கிடந்தது இப்போது முழங்கால் அளவு ஆனது.

மகள் வந்து பார்த்தாள். “அம்மா, நீ மணலுக்கு ஏணி கட்டிக் குடுத்திருக்கே.”

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மேட்டின் மேல் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் அந்தப் பழைய வலையைக் கண்டாள். யாரோ காயப்போட்டு மறந்த வலை. சின்னக் கண் வலை, இரண்டாக மடித்துக் கம்புகளில் தொங்கியது. அதன் முன்னும் பின்னும் மணல் தாழ்வாக, நீளமாகப் படுத்திருந்தது. அதற்கும் அப்பால் தரை இறுகிக் கிடந்தது. நண்டு வளைகள்கூட மூடாமல் இருந்தன.

வலைக்கு முன்னால் கையை நீட்டினாள். மணல் சுரீரென்று குத்தியது. பின்னால் நீட்டினாள். காற்று வந்தது, குத்தல் இல்லை. நெடுநேரம் இப்படியும் அப்படியும் கையை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். காற்றை நிறுத்தினால் அது தாவும். விட்டுப் பிடித்துக் களைக்க வைத்தால் சுமையை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். அவள் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான்.

அன்று மாலையே கிழிந்த வலை கேட்டு வீடு வீடாகப் போனாள். படகுக்காரர் ஒருவர் கிண்டல் செய்யாமல் விடுவாரா?

“மீனுக்கு வலை போட்டுப் பார்த்திருக்கோம் அண்ணி. மணல் இப்ப நல்லா விலை போகுதா?”

“உங்க வலையில விழுந்ததைவிட என் வலையில அதிகமா விழும். குடுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் அவர் இரண்டு வலை கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு மணல்காரி என்று பெயர் விழுந்தது.

இந்த முறை ரோட்டோரத்தை அவள் தொடவில்லை. காற்று வரும் பக்கம், மேட்டின் சரிவில், ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளிக் கம்பு நட்டாள். ஒற்றை வலையில் மணல் நழுவியது. இரட்டையாக மடித்தாள். தரையில் உரசக் கட்டிய இடத்தில் வலை சீக்கிரம் புதைந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள். ஒரு துண்டை மட்டும் மூன்று முறை இடம் மாற்றினாள். கணவர் கடலிலிருந்து திரும்பும்போது தாண்டிப் போவார். வாய் சும்மா இராது. “மகாராணி கோட்டை கட்டி முடிச்சாச்சா?” என்பார். அவள் கம்பை அடித்துக்கொண்டே இருப்பாள்.

மாதக் கடைசி நெருங்கியபோது ரோட்டை ஒருமுறை முழுக்கச் சுத்தம் செய்தாள். தார் தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. ஓட்டுநருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் வருவதாகச் சொன்ன நாள் விடியும்போதே மண்வெட்டியும் தட்டுக்கூடையுமாகக் கிளம்பி ரோடு நெடுக நடந்தாள். வளைவில் கால் நின்றுவிட்டது. நாக்கை நீட்டியதுபோல மணல் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. மேலே பார்த்தால் ஒரு துண்டு வலை அவிழ்ந்து கீழே கிடந்தது. அறுந்ததல்ல, அவிழ்த்தது.

கூட்டுரோட்டுப் பக்கம் ஹாரன் கேட்டது.

வெட்டத் தொடங்கினாள். பேருந்து வந்து அவளுக்கு எதிரே நின்றது. நடத்துனர் படிக்கட்டில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். “அண்ணே, வேண்டாம். திரும்பிடலாம்.”

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “அக்கா, தார் தெரிஞ்சா வர்றேன்னுதானே சொன்னேன்?”

“தெரிய வைக்கிறேன் தம்பி. ரெண்டு சக்கரத்துக்கும் தடம் போட்டாப் போதுமில்ல?”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வெட்டினாள். ஓட்டுநர் அவள் முதுகையே பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

ஹாரன் கேட்டும் பேருந்தைக் காணாமல் கணவர் ஓடிவந்தார். மணலைப் பார்த்தார், மேட்டில் கிடந்த வலையைப் பார்த்தார், முகம் சின்னதாகிவிட்டது.

“நான்தான்,” என்றார். “நேத்து சாயங்காலம் படகு மோட்டாரை ரிப்பேருக்குத் தூக்கிட்டு வரையில வழிக்காக அவிழ்த்தோம். கட்ட மறந்துட்டேன்.”

“மறந்த கையில மண்வெட்டியைப் பிடிங்க. எனக்குத் தட்டுக்கூடை இருக்கு.”

அவர் வெட்டினார், அவள் அள்ளிக் கொட்டினாள். நடத்துனருக்குச் சும்மா நிற்கக் கூச்சமாகிவிட்டது. இறங்கிக் காலால் தள்ளினார். இரண்டு தடங்களில் கறுப்பாகத் தார் தெரிந்ததும் ஓட்டுநர் இன்ஜினை எழுப்பினார். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் ஒரு கணம் சுழன்றது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூடவில்லை. சக்கரம் பிடித்துக்கொண்டு ஏறிப் போனது.

ஊருக்குள் ஹாரன் நீளமாக அடித்தது. டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள். திரும்பி வந்த பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கட்டைகள் இரண்டும் மடியில். அம்மாவைப் பார்த்ததும் ஒரு கட்டையை ஜன்னல் வழியே நீட்டி ஆட்டினாள். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார்.

“நாளைக்கு?”

“நாளைக்கும் தார் தெரியும் தம்பி.”

வண்டி போய்விட்டது. கணவர் மேட்டில் ஏறி அவிழ்ந்த வலையைக் கட்டி முடித்திருந்தார். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

“அதான் கட்டிட்டேனே,” என்றார் அவர்.

“நீங்க கட்டுவீங்க, நாளைக்கு வேற ஒருத்தர் அவிழ்ப்பார். மோட்டாரைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் எந்த வழியாப் போவாங்க? இதுக்குப் பின்னால ஒரு துண்டு, கொஞ்சம் தள்ளி, இதை மறைச்ச மாதிரி நட்டுட்டு இங்க திறந்து விட்டுடலாம். நடுவுல ஆள் வளைஞ்சு போகலாம், மணல் போகாது. நாலு கம்பு வேணும்.”

அவர் வானத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

“இன்னிக்கேவா?”

“காத்து நாளைக்கா அடிக்குது?” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.