வசனத்துக்கு முன்னால் வந்த குரல்

நம்புங்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பட்டப்பகல், மதியம் மூன்று மணி. வெளியே வராந்தாவில் ஆட்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டையடித்த நேரம்.

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை, சத்தம் உள்ளே வராத கதவு, காதில் ஹெட்போன். முறை எளிது. யாரும் பேசாத இடமாகப் பார்த்து, இரைச்சலில் ஒரு துண்டை மட்டும் பிடித்து, ‘இதுதான் குப்பை’ என்று கணினிக்குக் காட்ட வேண்டும். அதே குப்பையை அது படம் முழுக்கத் தேடி எடுத்துவிடும். அதற்கு ஈவிரக்கம் கிடையாது. காட்டியது எங்கே ஒளிந்திருந்தாலும் விடாது.

அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, அப்படி இருந்தேன். தொட்டால் தெரியும், வலிக்காது. ‘கல்லுளிமங்கி மாதிரி நிக்கிறா பாரு’ என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரே ஒரு பயம் மட்டும் மிச்சமிருந்தது. அப்பாவின் முகம் அப்படியே நினைவில் இருந்தது, குரல்தான் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அதுவும் போய்விட்டால் அப்பா என்று என்னிடம் எதுவும் இருக்காது என்று பயந்தேன்.

அவருக்கும் எனக்கும் நடுவே இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொள்வார். நான் தரையில் அவர் காலடியில். ‘அந்தம்மா புடவை என்ன கலருப்பா?’ என்று கேட்பேன். நேரில் போய்ப் பார்த்தவர் போல, ‘வெங்காயத் தோல் கலரு’ என்பார். ஒரு கெட்ட பழக்கம் உண்டு அவருக்கு. எல்லா வசனமும் மனப்பாடம். நடிகர் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் இவர் சொல்லிவிடுவார். ‘படத்தப் பாக்க விடுங்களேன்!’ என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். வாயை மூடிக்கொள்வார். அடுத்த காட்சியில் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு உயிரான படம் ஒன்று. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர், வீட்டை விட்டுப் போன மகளுக்காகக் காத்திருக்கும் கதை. பத்து தடவையாவது சேர்ந்து பார்த்திருப்போம். அந்தப் படம்தான் அன்று என் மேசைக்கு வந்தது. எங்கள் தலைமை ஒலிப்பதிவாளரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

“உன்னால முடியுமாம்மா? இல்ல, வேற யாருக்காவது குடுக்கவா?” என்றார்.

“முடியும் மாஸ்டர்” என்றேன். எதுவும் தோன்றாதவளுக்கு எந்தப் படமாக இருந்தால் என்ன?

முதல் காட்சி. ‘ஸ்ஸ்ஸ்...’ என்ற வழக்கமான இரைச்சல். கடிகாரக்காரர் வாயைத் திறக்குமுன்... அதே வசனம், மிக மெல்லியதாக, ஒரு மூச்சு போலக் கேட்டது. பிறகு அவர் பேசினார்.

நான் அசரவில்லை. பழைய ஒலிநாடாக்களில் இது சகஜம். சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் சத்தம் பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். வசனத்தின் நிழல் வசனத்துக்கு முன்பே கேட்கும். அதுவும் குப்பைதான்.

மூச்சு போல் கேட்ட அந்தத் துண்டைப் பிடித்தேன். குப்பை என்று காட்டினேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் மணி 3.07.

படம் கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிட்டது.

வசனம் ஏதாவது தவறிப்போய் வெட்டுப்பட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எடுத்த குப்பையை மட்டும் தனியாகக் கேட்கலாம். கேட்டேன்.

ஒரு ஆண் குரல். கடிகாரக்காரரின் வசனத்தைச் சொன்னது. பிறகு மகளின் வசனத்தை. பிறகு தபால்காரரின் வசனத்தை. எல்லாவற்றையும் ஒரே குரல் சொன்னது...

நிழல் என்றால் அந்தந்த நடிகரின் குரல் அல்லவா இருக்க வேண்டும்?



திரையில் மகள் படியிறங்கி வந்தாள். வசனமே இல்லாத காட்சி. காதில்...

“வெங்காயத் தோல் கலரு.”

ஒலியைக் கூட்டினேன்.

“சிட்டு... இப்ப அழுவா பாரு.”

சிட்டு என்று என்னைக் கூப்பிட்டவர் ஒருவர்தான்.

திரையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. என் நாற்காலி அல்ல. பின்னால்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஹெட்போனில் எதுவும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

செய்ததை ரத்து செய்து, மூலப்பதிவைத் திரும்பப் போட்டேன். இரைச்சல் வந்தது. வசனம் வந்தது. வசனத்துக்கு முன்னால் எதுவும் வரவில்லை. எடுத்த குப்பையைத் தேடினால் அதுவும் வெறுமையாக இருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டு, வசனத்தின் நிழலென்று நினைத்து எடுத்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“ஒண்ணுமில்லையேம்மா. அது சரி, நிழல்னு எப்படி நினைச்ச? இது நாடாவே இல்ல. ஃபிலிம் ஓரத்துல இருக்கிற ஒலிக்கோட்டுலேர்ந்து நேரா எடுத்தது. இதுல நிழல் விழவே விழாது.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போ” என்றார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள்.

“மத்தியானம் அம்மா என் கல்யாண வீடியோ பாக்கணும்னாங்க, போட்டேன். அப்பா மைக்கப் பிடிச்சுப் பேசுவாரே, அந்த இடம். நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. நடுவுல டக்குனு நின்னுருச்சு.”

“வீடியோவா?”

“இல்ல. வீடியோ ஓடுது. சுத்தி இருக்கறவங்க சிரிக்கிறது, கை தட்டறது, எல்லாம் கேக்குது. அப்பா வாய் மட்டும் அசையுது. முதல்லேர்ந்து திரும்பப் போட்டேன். இப்ப ஆரம்பத்துலயே அவர் சத்தம் இல்ல.”

“எத்தன மணிக்கு?”

“மூணு, மூணேகால் இருக்கும். ஏன்?”

அந்த வீடியோ எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. அவன் வீட்டு அலமாரியில் கிடந்தது.

“அம்மா எங்க?”

“பக்கத்துலதான்.” குரலைத் தாழ்த்தினான். “சொன்னா நீ பயப்படாத. அப்பா குரல் எப்படி இருக்கும்னு அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. விளையாடுறாங்கன்னு நினைச்சேன். சொல்லலாம்னு யோசிச்சா... எனக்கும் வரல. உனக்கு ஞாபகம் இருக்குல்ல?”

சொல்ல வாயெடுத்தேன்.

அன்று மதியம் அந்த அறையில் அவர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் இன்றைக்கும் என் நினைவில் இருக்கின்றன. எந்தக் குரலில் சொன்னார் என்பது மட்டும் இல்லை.