கமக்கட்டில் ரெண்டே ரெண்டு

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய்வந்த நாட்களில்தான் அந்த வல்வெட்டித்துறை அம்மாவைச் சந்தித்தேன். மெல்லிய உடம்பு, மடிப்புக் கலையாத சேலை, முழங்கையில் தொங்கும் குடை. பக்கத்தில் யார் வந்து இருந்தாலும், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பதுபோல ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"உங்களுக்குக் கமக்கட்டிலை எத்தினை எடுத்தவை?"

நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அக்குளிலிருந்து எடுக்கும் நிணநீர்க் கணுக்களைத்தான் கேட்டார்.

"பதினெட்டு" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு ரெண்டே ரெண்டு. டொக்டருக்கு அண்டைக்கு என்ன அவசரமோ."

நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய கணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள், அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றில் கைவைக்க மாட்டார்கள், ஆகவே குறைவாக எடுத்தது நல்ல செய்தி என்று விளங்கப்படுத்தினேன்.

"டொக்டரும் இதைத்தான் சொன்னவர். ஆனா எங்கடை ஒழுங்கையிலை ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவவுக்குப் பதினாலு எடுத்தவை. அவவுக்கு ஆஸ்பத்திரியிலை ஆக்களைத் தெரியும்."

அவரை ஆறுதல்படுத்த வேறு வழி தெரியவில்லை. "எனக்கு எடுத்ததிலை நாலிலை கான்சர் இருந்தது அம்மா" என்றேன்.

அவர் குடையை மடியில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்தியளே பிள்ளை, உங்களுக்கு வடிவா, ஒண்டும் விடாமல் தேடியிருக்கினம்."

அதுவரை என்னைப் பார்த்து ஒருவரும் பொறாமைப்பட்டதில்லை. அன்று பஸ் நிலையம்வரை கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.