மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீர்

கே.கே. நகரில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் பழங்காநத்தத்திலிருந்து ஒருவர் இரண்டு பாட்டில்களோடு வந்தார். ஒன்றில் அவர் வீட்டு போர் தண்ணீர். மற்றதில் அவர் மகளைப் பெண் கேட்டவர்கள் வீட்டுத் தண்ணீர்.

“உப்புத்தண்ணியா இருந்தா எம்மகளுக்கு முடி அம்புட்டும் கொட்டிரும்ணே. பாத்துச் சொல்லுங்க.”

அது உப்பல்ல, கடினத்தன்மை என்று ஊருக்கே சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இரண்டிலும் சாயம் கலந்து, சிவப்பு நீலமாகும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கடினமான தண்ணீர் கரைசலை அதிகம் இழுக்கும். மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீர் சீக்கிரமே நீலமானது. இவருடையது கரைசல் இருந்த பியூரெட் குழாயையே காலி செய்தது.

“அங்க நல்ல தண்ணிதான். மோசம் உங்க வீட்லதான். மகளுக்கு முடி எப்படி?”

“இடுப்புக்குக் கீழ தொங்குதுண்ணே” என்றவர் முகம் வாடியது. “அப்ப நல்ல தண்ணி அவளுக்குச் சேராதா?”