வசீகரத்துக்குப் பூஜ்யம்

தன் முகத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் எங்கள் வீட்டுக்கு ஒன்பது ஃப்ளாப்பிகளில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. கோவை கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையை ஒட்டிய அறையில் அவர் கம்ப்யூட்டர் பூட்டிக்கொடுக்கும் தொழில் ஆரம்பித்திருந்தார். பட்டறையில் லேத் ஓடினால் இங்கே திரையில் படம் நடுங்கும். அதனால் விளையாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்ட அந்தப் பெட்டிக்கு முன்னால் கோயிலுக்குள் போகிற மாதிரிதான் போவோம்.

அது ஓர் அரக்கனைக் கொல்லப் போகும் விளையாட்டு. எந்த ஊர் அரக்கன், அவன் என்ன தப்புச் செய்தான் என்பதெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் எனக்கு இன்றுவரை தெரியாது. போவதற்கு முன்னால் நமக்காக ஓர் ஆளைச் செய்துகொள்ள வேண்டும். ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த முகம், என்ன பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அப்புறம் பலம், புத்தி, வேகம், வசீகரம், அதிர்ஷ்டம் என்று ஐந்து குணங்கள். அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க ஐம்பது புள்ளிகள். எல்லாம் முடிந்ததும், இந்த ஆள் சம்மதமா என்று கேட்கும். ஒய் என்ற பட்டனைத் தட்டினால் சம்மதம், 'என்' என்ற இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து.

காபி கொண்டுவந்த அம்மா ஒருநாள் இதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, சாதகம் கணிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இது நாமளே எழுதிக்கற சாதகங்க்கா" என்றார் மாமா.

"அப்படின்னா எல்லாத்தையும் அதிர்ஷ்டத்துல போடுங்க. மத்ததெல்லாம் தானா வரும்."

மாமாவுக்கு இந்தப் பகுதி வாசலில் செருப்பு விடுவது மாதிரி. சட்சட்டென்று தட்டிவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கோ விளையாட்டே அந்த வாசல்தான். நான் பிறவிக் கவலைக்காரி. பன்னிரண்டு வயதில் மழை பெய்தால் வீடு ஒழுகுமே என்று கவலைப்படுவேன், பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்று கவலைப்படுவேன். பிற்பாடு ஒன்பதாவதைப் பாதியில் விட்டதற்கும், பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பரீட்சைக்கே போகாததுதான் காரணம். ஆனால் எந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தாலும், பின்னால் சொல்லப்போகும் ஒரு விஷயத்தில் மட்டும் கிடையாது.

எந்தக் குணத்தையும் குறைவாக விட எனக்கு மனம் வராது. ஐந்துக்கும் பத்துப் பத்தாகப் பிரித்தேன். என் ஆள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஓர் எலி கடித்துச் செத்துப்போனாள்.

"அஞ்சு வெரலுக்கும் மோதரம் போட்டா கையை மடக்க முடியாது கண்ணு" என்றார் மாமா. நான் மறுபடியும் பத்துப் பத்தாகத்தான் பிரித்தேன்.

முகம் விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. பெண்களுக்கு எட்டு முகங்கள். ஏழு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. எட்டாவது கருப்பு, அவள் குகைக்காரர்கள் என்ற இனத்தைச் சேர்ந்தவள். கீழுதட்டுக்கு மேலே இரண்டு கோரைப்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். நான் எங்கள் வீட்டில் சித்திக்கு அடுத்த கருப்பு. அந்த எட்டாவது முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடுத்ததற்கு நகர்த்திவிடுவேன், யாரோ நம்மைக் கூப்பிட்டது காதில் விழாத மாதிரி. மஞ்சள் கூந்தலும் நீலக் கண்ணும் உள்ள மூன்றாவது முகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என் பெயரை அடித்தேன்.

அந்த முகத்தோடு நான் இருந்த ஒரு ஞாயிறு மத்தியானம் சித்தி வந்தாள். சித்தி அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சிங் வேலை. டச்சிங் என்றால், எடுத்த படத்தின் ஃபிலிமில் பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைச் சரிசெய்வது. பெண்பார்க்க அனுப்பும் படங்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். அவசர வேலையை வீட்டுக்கே கொண்டுவருவாள். கண்ணாடிச் சட்டத்தில் ஃபிலிமை வைத்து, ஊசி மாதிரி நீளமாகச் சீவிய கருப்புப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பாள். மறுநாள் படம் வந்தால் அந்தப் பெண் பளிச்சென்று வெளுத்திருப்பாள். கருப்பு வைத்தால் வெள்ளையாகும் என்பதை நான் கண்ணால் கண்டவள். இடையில் இருட்டறையில் என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்தி திரையைப் பார்த்தாள்.

"இது ஆரு அம்மணி?"

"நாந்தான் சித்தி."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். கோரைப்பல்காரியைச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

"ஏண்டா, இந்த மூஞ்சியெல்லாம் மாத்த முடியுமா?"

"படமெல்லாம் தனியா ஒரு ஃபைல்ல கெடக்குதுங்க்கா. வரையற புரோகிராம்ல தொறந்தா புள்ளி புள்ளியா மாத்தலாம். ஆனா ஆருக்குப் பொறுமை இருக்குது?"

"புள்ளி வெக்கறதுதான நான் பொழைக்கற பொழப்பு. தொற."

மவுஸைப் பிடிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. முதல் காரியமாக மூன்றாவது முகத்தின் கன்னத்தைக் கருப்பாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெள்ளை நிறத்தை எடுத்து அப்பினாள். ஏற்கெனவே வெளுத்திருந்தவள் பேய் மாதிரி ஆனாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏங்க்கா, உங்களுக்கு எல்லாமே தலைகீழாத்தான் வருமா?"

"பத்து வருசமா கை அப்படியே பழகிப்போச்சு. ஏண்டா, இதுல கருப்புன்னா கருப்புத்தானா?"

"கருப்புன்னா கருப்புத்தானுங்க்கா."

"அது நல்லாருக்குதே" என்றாள் சித்தி.

மூன்று ஞாயிறுகள் ஆயின. மஞ்சள் கூந்தல் போய், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய ஜடை வந்தது. நீலக் கண் போயிற்று. மூக்குத்தி வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து என் மோவாயில் ஆன தழும்புகூட இரண்டு புள்ளியில் வந்து உட்கார்ந்தது. நகம் அளவுப் படத்தில் நான் இருந்தேன், எப்போதும் கையில் வைத்திருக்கும் பட்டறைச் சாவிக்கொத்துக்குப் பதிலாக வாளோடு. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ கவலைதான் வந்தது. இந்த முகத்தோடு போனால் அந்த ஊர்க்காரர்கள் குகைக்காரி என்று அடித்துவிட மாட்டார்களா? கடைக்காரன் கேடயம் தருவானா?

"அதை நான் பாத்துக்கறேன்" என்று சித்தி புள்ளிகளுக்கு வந்தாள். "இந்த நாலாவது என்னடா?"

"வசீகரம். பாத்தவொடனே ஆளுகளுக்குப் புடிச்சுப்போறது."

"அதுல இருக்கறதையெல்லாம் எடுத்துப்போட்டு பலத்துல போடு."

"பூஜ்யமாப் போயிருமுங்க்கா."

"போகட்டும்."

சம்மதமா என்று திரை கேட்டது. நான் ஒரு நாளும் ஒரே தடவையில் பதில் சொன்னதில்லை. பத்துத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பதினோராவது தடவை ஆம் என்பேன். சித்தி கேள்வி முழுதாக வருவதற்குள் ஒய்யைத் தட்டிவிட்டாள். என் ஆள் எலியைத் தாண்டினாள். பாலத்தைத் தாண்டினாள். கடைக்காரன் அவளைப் பார்த்து, மஞ்சள் கூந்தல்காரிக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னான். மாமா படித்துச் சொன்னார்: "வருக, அழகிய மங்கையே." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மாதத்தில்தான் சத்தியமங்கலத்திலிருந்து சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் மூன்று வந்து போயிருந்தன. மூன்றும் ஒரே மாதிரிதான். ஸ்டுடியோக்காரரே டச்சிங் செய்த படம் போகும், அவர்கள் வருவார்கள், கச்சாயப் பலகாரம் சாப்பிடுவார்கள், சித்தி காபித் தட்டோடு வந்ததும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்துவிடுவார்கள். சித்திக்கு அப்போது இருபத்தொன்பது. இதுவும் தட்டிப்போனால், மனைவியை இழந்த ஒரு மில்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன். அவருக்கு என் வயதில் ஒரு மகன். அது எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தடவை சித்தி ஒரு காரியம் செய்தாள். புதுப் படம் எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு புள்ளிகூட வைக்க விடவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கறவளே, உன்ற மூஞ்சிக்கு ஒரு கோடு போடக்கூடாதா?"

"பாக்கறவன் இதைப் பாத்துப்போட்டு வரட்டும். இல்லீன்னா வர வேண்டாம்."

"வராமயே போயிட்டா?"

"நான் என்னமோ பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கற மாதிரியே பேசறீங்களேக்கா" என்றாள் சித்தி.

படம் ஓர் உறைக்குள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் தரகர் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. செவ்வாயும் புதனும் நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. புதன் மத்தியானம் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். அம்மா துணி துவைக்கப் போனதும் உறையை எடுத்தேன். சித்தி வீட்டில் வைத்திருந்த வேலைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். கருப்பு வைத்தால் கருப்பாவது கம்ப்யூட்டரில்தான், போட்டோவில் வெள்ளையாகும். மாமா வாயாலேயே கேட்ட வித்தியாசம் அது. எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. வாழ்க்கையில் நான் கவலையில்லாமல் செய்த முதல் வேலை அதுதான்.

நெற்றியில் ஆரம்பித்து மோவாய்வரை புள்ளி புள்ளியாக வைத்தேன். சித்தி வைக்கிற மாதிரியே, ஒன்றின் மேல் ஒன்று விழாமல். அது வழவழப்பில்லாத தாளில் அச்சான கருப்பு வெள்ளைப் படம் என்பதால் பென்சில் நன்றாகப் பிடித்தது. முகம் இருண்டுகொண்டே வந்தது. அதற்கென்ன, ஃபிலிமும் தொடும்போது கருப்பாகத்தான் இருக்கும், மறுநாள்தானே வெளுக்கும். கழுத்துக்கு வருவதற்குள் அம்மா வாளியோடு வரும் சத்தம் கேட்டது. முகம் போதும், முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்று உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

சித்தி சாயங்காலம் வேலையிலிருந்து வந்தாள். தரகர் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். சித்தி உறையை எடுத்து, எந்தப் படத்தையும் கைமாற்றுவதற்கு முன் செய்வது போல, வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கையைக் காட்டு கண்ணு."

என் விரல்கள் பளபளவென்று கருத்திருந்தன. சித்தி தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். படத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவிடுக்கில் பார்த்தேன், குனிந்து உட்கார்ந்து, பஞ்சால் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, நேரமாச்சுங்க" என்று தரகர் குரல் கொடுத்தார்.

"இதோ வாரேனுங்க."

கொஞ்ச நேரத்தில் உறையை ஒட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சத்தியமங்கலத்துக்காரர்கள் வந்தார்கள். கச்சாயம் சாப்பிட்டார்கள். சித்தி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, போட்டாவை விட நேர்ல நல்ல கலராவல்ல இருக்குது புள்ளை" என்றார் அவர்.

மாப்பிள்ளை தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டார். "போட்டாவும் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார், தன் அம்மாவிடம் கூட அந்த ஊர் மரியாதையோடு. சித்தி தட்டைக் கீழே வைக்காமல் அவரை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். ஆவணியில் கல்யாணம்.

என் பென்சில்தான் அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தது என்று பல வருடங்கள் எனக்கு அசைக்க முடியாத பெருமை. பின்னாளில் விவரம் தெரிந்து, கருப்பு வெள்ளையாவது ஃபிலிமில்தான், தாளில் இல்லை, நான் வைத்த கருப்பு வெளுக்கவே இல்லை, என் முட்டாள்தனம் தற்செயலாகப் பலித்தது என்று புரிந்தபோதும் பெருமை குறையவில்லை. எப்படியோ, என் கை அதில் இருந்ததே.

போன வருடம் சத்தியமங்கலம் போயிருந்தபோது சித்தப்பா ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்திலேயே அந்தப் படம். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைவேலையைத் தேடினேன். ஒரு புள்ளிகூடத் தனியாகத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சீராக இருந்தது. அது பஞ்சால் தேய்த்தது.

நான் முகத்தை மட்டும்தான் தொட்டிருந்தேன். படத்தில் கழுத்தும், காதும், மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் அதே பென்சில் கருப்பில் இருந்தன.