சிவப்பு ஒட்டுப் போட்ட பச்சைக் குடம்

அந்த மேடம் இன்றைக்கு எதிரில் வந்தாலும் வணக்கம் சொல்ல மாட்டேன். பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போகவும் மாட்டேன். நின்று, நன்றாக முறைத்துவிட்டுத்தான் போவேன். அதே முறைப்பைக் கண்ணாடியில் எனக்கும் கொடுத்துப் பழகியவன் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்துக்கொண்டு, அரசு ஆதிதிராவிடர் விடுதியில் தங்கியிருந்தேன். கோடையில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றார்கள். அப்பா, மாமா சிபாரிசு இருந்தவர்கள் டிவி சேனலுக்குப் போனார்கள். சிபாரிசுக்கு ஆளில்லாத எனக்கும், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஒரு வகுப்புத் தோழிக்கும் ஆனையூரில் வாடகை வீட்டில் நடந்த ஒரு தொண்டு நிறுவனம் வாய்த்தது. அதன் இயக்குநர்தான் மேடம்.

முதல் நாளே வெள்ளைப் பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: தொழில்நுட்பம், கதை, பருவநிலை, நீதி. நன்கொடை தரும் வெளிநாட்டுக்காரர்களின் தாளில் ‘இன நீதி’ என்று இருந்ததாம். “நம்ம ஊர்ல அதுக்குப் பதிலா சாதின்னு வெச்சுக்கலாம்” என்றார், பருப்பு தீர்ந்தால் பயறு போடலாம் என்பது போல. பிறகு என் விண்ணப்பத்தில் இருந்த விடுதி முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காலனிக்கு நீயே போயிடு. நீ போனாத்தான் அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க.” தோழி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது வரை சுட்டது. ஆனாலும் போனேன். சர்டிஃபிகேட் வேண்டுமே.

வேலை இதுதான்: வறட்சியைப் பற்றி ஐந்து நிமிடப் படம். வரிசையாகப் போட்டோக்கள், அவற்றின் மேல் ஒரே ஒரு குரல். அலுவலகத்தில் இருந்த ஒரே டிஜிட்டல் கேமராவையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனேன். கண்மாய் வெடித்துக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் தண்ணீர் வந்தது.

காலனியில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு அக்கா மட்டும், “நீ எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” அதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

லாரி முதலில் ஊருக்குள் நிற்கும். அங்கே குடங்கள் நிறைந்த பிறகே காலனிக்கு வரும். அதுகூடப் பெரிதில்லை. லாரியின் டியூப்பைக் காலனிப் பெண்கள் தொடக் கூடாது. ஊர்ப் பெரிய வீட்டு ஆள் ஒருவர் லாரி மேல் நின்று, டியூப்பை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு ஊற்றுவார். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில் விழும்.

“மழை இல்லாதது எல்லாருக்குந்தான் தம்பி. ஆனா கீழ சிந்துறது அம்புட்டும் எங்க தண்ணி” என்றார் அக்கா. சொல்லிவிட்டு ரெக்கார்டரைப் பார்த்தார். “நான் சொன்னேன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா எங் கொடத்துல ஒரு சொட்டு விழுகாது.”

தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

முகம் இல்லாமல் கதை எடுபடாது என்றார் மேடம். அந்தம்மாவின் கண்ணைக் க்ளோசப்பில் போட்டால் வெளிநாட்டில் அழுதுவிடுவார்களாம். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பெரிய மனுஷியிடம் குரலை உயர்த்தினேன். முகம் வராது, குரலும் வராது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கோரிப்பாளையத்தில் மாடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில், கீழே பஸ்களின் ஹாரன் ஓய்கிற இடைவெளிகளில், அக்காவின் வார்த்தைகளைத் தோழி படித்தாள். சொந்தச் சித்தி சொன்னதைச் சொல்வது போலப் படித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

முகத்துக்குப் பதிலாக அக்காவின் குடத்தை வைத்தேன். பச்சை பிளாஸ்டிக் குடம். அடியில் ஓட்டை விழுந்து, உடைந்த வாளித் துண்டை உருக்கி வைத்த சிவப்பு ஒட்டு. வெயிலில் அது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கோணம் மாற்றி மாற்றி எடுத்து, ‘கீழ சிந்துறது அம்புட்டும் எங்க தண்ணி’ என்ற கடைசி வரி வரும்போது அந்த ஒட்டு திரை முழுக்க நிற்கும்படி நானே வெட்டி ஒட்டினேன். மேடம்கூடக் கை தட்டினார்.

குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவன் நான். வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். நெளிசல், கீறல், கழுத்தில் கட்டிய துணி என்று ஒவ்வொன்றும் யாருடையது என்பது தெருவுக்கே மனப்பாடம். எங்கள் தெருவில் என் அம்மாவின் குடத்தை இருட்டில் தடவியே எடுத்துவிடுவேன். மேடத்துக்கு இது தெரியாது, தோழிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கேமரா கைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

படத்தை அந்த ஊரிலேயே போட வேண்டும் என்றார் மேடம். கதையை மக்களிடமே திருப்பிக் கொடுப்பதாம்.

“ஊர்ல வேணாம் மேடம்.”

“முகமும் இல்ல, குரலும் இல்லன்னு நீதானே சண்டை போட்ட? அப்புறம் என்ன பயம்?”

ப்ரொஜெக்டரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பொழுது சாயும் நேரம், பள்ளிக்கூடச் சுவரில் படம் ஓடியது. ஊர்க்காரர்கள் முன்னால், காலனிக்காரர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். கடைசி வரி வந்தது. சிவப்பு ஒட்டு சுவர் முழுக்க நின்றது. முன்வரிசையில் ஒருவன் கெக்கலித்தான்.

“மாப்ள, இது அந்தக் காலனிக்காரி கொடம்ல? அந்தக் கடைசி வீட்டுக்காரி!”

சிரிப்புப் பரவியது. லாரியில் நின்று ஊற்றுகிற ஆள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். அக்கா எழுந்து, பக்கத்தில் இருந்த யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். மேடம் மைக்கைப் பிடித்து, இந்தச் சிரிப்பே ஒரு உரையாடலின் தொடக்கம் என்றார். அந்த மைக்கைப் பிடுங்கித் தரையில் அடிக்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் கோழைதான்.

மறுவாரம் டவுன் ஹால் ரோட்டில் புதுக் குடம் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா வீட்டு வாசலில் பழைய குடம் காய்ந்து கிடந்தது. இரண்டு லாரி வந்து போயிருந்தது. அதில் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சொம்பு கொடுத்தார்கள், கொடுக்கும்போதே ஏசவும் செய்தார்கள்.

“என்னைய ரெண்டு திட்டுத் திட்டுங்கக்கா” என்றேன்.

“திட்டுனா தண்ணி வருமா?”

குடத்தை நீட்டினேன். வாங்காமல் பார்த்தார். பச்சைக் குடம். அவர் வைத்திருந்தது பச்சை என்பதால் கடை கடையாகத் தேடி அதே பச்சையில் வாங்கியிருந்தேன்.

“இங்க எல்லாருட்டயும் இருக்கது நீலக் கொடம் தம்பி. தேர்தலுக்குக் குடுத்தது. நீலத்துல ஒண்ணு வாங்கியாந்திருந்தா கூட்டத்தோட கூட்டமா வச்சிருப்பேன். இத வச்சா, தூரத்துல வரும்போதே அந்தாளுக்கு நான்னு தெரியுமே.”

குடத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர், நல்ல கலரா இருக்கே, எம்புட்டு என்று கேட்டார்.