ராஜாத்தி வைத்த கத்தி

இடது கை ஃபோமை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் நீளமான கத்தி. ஃபோமை அறுக்கும்போது கத்தியைத் தள்ளக் கூடாது. தள்ளினால் ஃபோம் நசுங்கிக் கொடுக்கும். கையை எடுத்ததும் நிமிர்ந்து, வேறு வடிவமாக நிற்கும். அதனால் அந்தக் கை கத்தியை இழுத்தது, அவ்வளவுதான். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டைவிரல் அறுத்த இடத்தின்மேல் ஓடி, மேடு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று தேடியது. பசை படிந்து மஞ்சளாகிப்போன நகம். தட்டுப்பட்ட இடத்தை உப்புத்தாள் தேய்த்தது. மறுபடியும் கட்டைவிரல்.

ஃபோமின் முன்பாதி பள்ளமாகிக்கொண்டு வந்தது. பின்பாதியில் இன்னொரு துண்டு ஒட்டியிருந்தது; அது மேடு. அந்த மேட்டின் இடது ஓரத்துக்கு மட்டும் கைகள் திரும்பத் திரும்பப் போயின. சரியாக மடங்காத ஒரு முழங்கால் அந்த ஓரத்தில்தான் இறங்கித் தொங்கப்போகிறது.

கைகள் ராஜாத்தியுடையவை. டில்லி கரோல்பாக்கில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில், ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை அவளுடையது. முதலில் அவள் தைத்தது ரவிக்கைதான், ஜங்க்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளில். புருஷன் பாலு ஓட்டிய ஆட்டோவின் சீட் கிழிந்தபோது, வெளியே கொடுப்பானேன் என்று தானே பிரித்துப் பார்த்தாள். பிரித்த துண்டுகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதுகுத் துண்டு, பக்கத் துண்டு, மடிப்பு என்று எல்லாம் ரவிக்கைதான். கொஞ்சம் பெரிய உடம்பு. அதன் பிறகு அக்கம்பக்கத்து ஆட்டோக்கள் வந்தன, அவற்றின் பின்னால் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. மற்றவர்கள் தைத்த பழைய சீட்டுகளைப் பிரித்து, எங்கே ஃபோம் செத்திருக்கிறது, எங்கே தையல் இழுத்திருக்கிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள். கேம்ப்பை இடித்த பிறகு இப்போது வீடு நரேலாவில். பஸ் மாறி மாறி வர வேண்டும். திரும்பிப் போகும்போது வெட்டி விழுந்த ஃபோம் துண்டுகளைப் பையில் அள்ளிப் போவாள். அவள் இருக்கும் பிளாக்கில் பாதிப் பேர் தலை வைப்பது அந்தத் தலையணையில்தான்.

சந்தில் சீட்டுக்குக் 'கத்தி' என்று பெயர்; மெத்தைக்கு இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். இந்திக்காரர்கள் வாயில் அந்தச் சொல் மெத்தென்று விழும். ராஜாத்தி சொன்னால் அது வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியேதான். இத்தனை வருஷத்தில் அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை, இளஞ்செழியன் வரும்வரை.

*

அவரைக் கூட்டி வந்தவள் அவர் மனைவி உஷாராணி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. ஆள் குள்ளம், குரல் நீளம். இளஞ்செழியன் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். தேனிப் பக்கத்துக்காரர். மலையில் வண்டி கவிழ்ந்து இடது முழங்கால் நொறுங்கியதில் இரண்டு அறுவை சிகிச்சை. இப்போது அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்காது. கியர் போடும் காலும் அதுதான். அன்றோடு அவர் வண்டி ஓட்டுவது நின்றது. உஷா அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பழகினாள்.

இமாச்சலத்தில் ஸ்பிதிப் பக்கம் அவர் பணியில் இருந்தபோது ஒரு சின்ன ஏரியைப் பார்த்திருக்கிறார். "உன்னை ஒருநாள் இங்க கூட்டிட்டு வரேன்" என்று அங்கிருந்து போனில் சொல்லியிருக்கிறார். கடைசிப் பகுதிக்குச் சாலை கிடையாது, கல்லும் ஓடைத் தண்ணீருமாக ஒரு தடம்தான். ஜீப் போகாது, பைக் போகும். உஷா அதை மறக்கவில்லை. "அவர் கூட்டிட்டுப் போகலேன்னா என்ன, நான் கூட்டிட்டுப் போறேன்" என்பது அவள் கணக்கு.

அதற்குப் பழைய வண்டி ஆகாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். டில்லியிலிருந்து மலையடிவாரம் வரை நெடுஞ்சாலை, அதன் பிறகு கல். இரண்டுக்கும் சேர்த்து உஷா பொறுக்கி வைத்திருந்தது இரண்டு வண்டிகள். இரண்டுமே ராஜாத்தி கடைக்குப் பக்கத்தில், லடாக் போகிறவர்களுக்கு வாடகைக்கு வண்டி விடும் பல்லாவின் கடையில் நின்றன. ராஜாத்தி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். ஒன்று குண்டன்: கனம், அகலம், நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் கை அதிராது. இன்னொன்று நெட்டையன்: ஒல்லி, முன் சக்கரம் பெரிசு, வயிறு தரையிலிருந்து எட்டத் தூக்கி நிற்கும், கல்லைக் கண்டால் தாவும். உஷா இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. குண்டனில் மானேசர் தாண்டிப் போனாள். நெட்டையனைத் தம்தமா ஏரிப் பக்கத்து மண் தடத்தில் விட்டாள்.

"ரெண்டும் பிடிச்சிருக்கு ராஜாத்தி. அதுதான் ப்ராப்ளம்."

"ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான்க்கா கட்டிக்க முடியும்."

"குண்டன்ல கால் தரையில நல்லா படியுது. ஆனா பின்னாடி சீட்டு தனியா, துக்கடாவா இருக்கு. கால் வெக்கிற கம்பி வேற மேல ஏறி நிக்குது. இவர் முட்டிய எப்படி மடக்குவார்? நெட்டையன்ல சீட்டு ஒரே நீளம், கம்பியும் கீழ இருக்கு. இவருக்கு அச்சா இருக்கும். ஆனா எனக்குக் கட்டைவிரல் நுனிதான் எட்டுது. பின்னாடி ஆளையும் வெச்சுக்கிட்டுக் கல்லுல நின்னா, ரெண்டு பேரும் விழுவோம்."

பல்லா ஒரு வழி சொன்னார்: ஷாக் அப்சார்பரை இறக்கி வண்டியையே தாழ்த்திவிடலாம். "எறக்குனா வயிறு கல்லுல இடிக்கும் சேட். அதுக்கு நெட்டையன் எதுக்கு?" என்று ராஜாத்தி இந்தியிலேயே மறுத்துவிட்டாள். ஃபோமை வெட்டலாம். ஆனால் எவ்வளவு வெட்டலாம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் போனால் அடியில் இருக்கிற தட்டு குத்தும். வெட்டியும் உஷாவின் குதிகால் இறங்காது.

இத்தனை பேச்சிலும் இளஞ்செழியன் ஷட்டர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராஜாத்தி ஆட்களை அளப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். சீட்டின்மேல் கறுப்பு ரெக்ஸினை விரித்து, அதன்மேல் கோலப்பொடியைத் தூவி உட்காரச் சொல்வாள். எழுந்ததும், பொடி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் பாரம். உஷா உட்கார்ந்து பின்பக்கமெல்லாம் வெள்ளையாக எழுந்தாள்.

"சார், நீங்களும் ஒரு தபா உக்காருங்க."

"நான் பின்னாடி வர்ற மூட்டைதானம்மா," என்றார் அவர் சிரித்தபடியே. "மூட்டைக்கு என்ன அளவு?"

உஷா சிரிக்கவில்லை. வீட்டிலும் இதேதான் சொல்கிறார் என்று முன்பே ராஜாத்தியிடம் சொல்லியிருந்தாள். வரமாட்டேன் என்று வாயால் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. "கடைசியில என்னைத் தனியா அனுப்பி வெச்சுட்டு, வீட்ல உக்காந்து போட்டோ பாப்பார். ஏரியைப் பாக்க நான் எதுக்குத் தனியாப் போகணும்?"

*

அவர் டீ வாங்கப் போன நேரத்தில் ராஜாத்தி நெட்டையனின் சீட்டைக் கழற்றி மேசையில் வைத்து, கத்தியின் பிடியால் தட்டிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்குதுக்கா. அந்தக் கால வெச்சுக்கிட்டு இதுல அவ்ளோ தூரம் தாங்க மாட்டாரு. பேசாம புதுசா ரெண்டு கத்தி வெச்சுரலாம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அப்பறம் வலியே இருக்காது."

"வெச்சுருங்க ராஜாத்தி. அவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பேசிக்கறேன்."

டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இளஞ்செழியன் வாசலில் நின்றிருந்தார்.

"உஷா," என்றார். குரல் உயரவில்லை. "மூணாவது தடவையா? முடியாதுன்னு சொன்னேன்ல?"

கிளாஸ்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். காலை வீசி வீசி அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று ராஜாத்தி நினைத்திருக்கவில்லை.

"என்ன மூணாவது? சீட்டு மாத்தறதுக்கு ஏன் இவ்ளோ கோபம்?" உஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லா தலையை நீட்டி, பாய் சாபுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சேட், நான் கத்தி வெக்கலாம்னு சொன்னன்..." என்று பதில் சொல்ல ஆரம்பித்த ராஜாத்தி பாதியில் நின்றாள். தன் வலது கையைப் பார்த்தாள். அதில் ஃபோம் அறுக்கும் கத்தி இருந்தது.

"ஐயையோ! அக்கா, அவரு காலுக்கு ஆபரேசன்னு நெனச்சுக்கிட்டாரு!"

சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். சந்து முனையில், செருப்புக் கடைக்கு முன்னால் அவரைப் பிடித்தாள்.

"சார், சார்! உங்க கால்ல இல்ல சார், வண்டியில! இந்தக் கத்தி சார், இந்தக் கத்தி!"

செருப்பு வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். இளஞ்செழியன் அவள் ஒரு கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். இன்னொரு கையைப் பார்த்தார்.

"இந்தக் கத்தின்னு சொல்றதுக்கு, அந்தக் கத்தியையும் எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?"

அப்போதுதான் அவளும் பார்த்தாள். கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு செருப்புக் கடையின் படியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை வெட்டுனாய்ங்க. ரெண்டு தடவையும், படுத்தப்ப இருந்ததவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் எந்திரிச்சேன். இன்னொரு தடவைன்னா..." என்றவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அவ நல்லா ஓட்டுவா. என்னையத் தூக்கிச் சொமக்கணும்ங்கிறதுதான் எனக்குப் பிடிக்கல. எங்கயாச்சும் கவுந்தா என்னாலதான் கவுந்ததுன்னு ஆகும்."

ராஜாத்திக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "மூட்டையத்தான் சார் பாத்துக் கட்டணும். அது சரியா இல்லன்னாத்தான் வண்டி கவுறும்," என்றாள். "ஒரே ஒரு தபா உக்காருங்க. கோலப்பொடி கொஞ்சந்தான் இருக்குது, தீந்துரும்."

*

அவர் வந்தார். சீட்டைத் திரும்பப் பூட்டினாள். நெட்டையனை நடைபாதை விளிம்பை ஒட்டிப் பக்க ஸ்டாண்டில் நிறுத்தி, உஷாவை முன்னால் ஏறச் சொன்னாள். இளஞ்செழியன் நடைபாதைமேல் நின்றுகொண்டதால் இடது காலை மடக்க வேண்டியிருக்கவில்லை. அதை ஊன்றிக்கொண்டு வலது காலை வீசிப் போட்டார். கோலப்பொடிமேல் உட்கார்ந்தார். உஷா வண்டியை நிமிர்த்தினாள்.

வண்டியின் பின்பக்கம் மூச்சு விட்டதுபோல மெல்ல இறங்கியது.

ராஜாத்தி குனிந்து உஷாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நுனியில் நின்ற பாதம் பாதிவரை தரையில் படிந்திருந்தது.

"எறங்குங்க," என்றாள் உஷா.

"ஏன்? நான் ஒண்ணும் பண்ணலையே!"

"எறங்குங்க, சொல்றேன்."

இறங்கினார். வண்டி எழும்பியது, உஷாவின் கால் மறுபடி நுனிக்குப் போனது. "இப்ப ஏறுங்க." ஏறினார். பாதம் படிந்தது. இன்னொரு தரம் இறக்கி ஏற்றினாள்.

"பாருங்க. நீங்க பின்னாடி உக்காந்தாத்தான் எனக்குக் கால் எட்டுது."

இளஞ்செழியன் எட்டிக் குனிந்து அவள் செருப்புகளைப் பார்த்தார். இவ்வளவு நாளும் உஷா மட்டும்தான் ஏறிப் பார்த்திருக்கிறாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் இது யாருக்கும் தெரியாமலே போயிருந்தது. பல்லா இந்தியில் சொன்னார்: பாய் சாப் இந்த வண்டிக்கு லக்கேஜ் இல்லை, கம்பெனி ஃபிட்டிங்.

"அப்ப நான் எறங்கவே கூடாதா?"

"நடுவழியில நிக்கிறப்போ எறங்கக் கூடாது. எறங்கினா நான் விழுவேன்."

"சரி," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "எறங்கல," என்றார்.

மிச்சம் பாதிப் பாதத்துக்கு நான் பொறுப்பு என்றாள் ராஜாத்தி. கோலப்பொடியைப் பார்த்தபோது, அவருடைய பாரம் முழுதும் வலது பக்கமே விழுந்திருந்தது. வலிக்கிற காலைக் காப்பாற்றி உட்கார்ந்து பழகிவிட்ட உடம்பு. அந்தக் கால் கூசாமல் நீண்டு இறங்க, இடது ஓரத்தைச் சரித்து எடுக்க வேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டாள். அவர் கால்சட்டையின் பின்னால் ஒற்றைப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மெட்ரோ ஸ்டேஷன் வரை அவர் அப்படியே போனார். உஷா தட்டிவிடவில்லை.

*

அப்படித்தான் நெட்டையன் முடிவானது. அதே ரகத்தில் புது வண்டி வாங்கி வந்து, சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ராஜாத்தி அறுத்து முடித்தாள். பள்ளத்திலும் மேட்டிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவினாள். இடது ஓரத்தை இன்னும் ஒரு சுற்று தேய்த்தாள். மேலுறையை ரவிக்கைக்கு வைப்பதுபோல உள்தையல் போட்டுத் தைத்து இழுத்துப் போர்த்தினாள், மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் வழிய வேண்டும். விளிம்பைச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்தாள். பிறகு தரையில் இரண்டு செங்கல்மேல் வைத்து முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் தானே உட்கார்ந்து பார்த்தாள். பின்னால் உட்கார்ந்தபோது இடது காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்தபோது உஷாதான் முதலில் கையை நீட்டினாள். இளஞ்செழியன் அவளைத் தாண்டி முன்னால் வந்தார்.

"என்னம்மா, கத்தி ரெடியா?"

"ரெடி அண்ணே."

கையிலிருந்த ஃபோம் கத்தியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் சீட்டைத் தூக்கி அவர் கைகளில் வைத்தாள்.